எந்தத் தலைமுறைப் பூனை? முதலமடையில் ஒரு பெங்கால் குட்டியும் வன உயிரினச் சட்டமும்

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்ததும் வரும் முதலமடை, மாந்தோப்புகளுக்குப் பேர்போன ஊர். தோப்பு வைத்திருப்பவர்களிலும் தோப்பில் வேலை பார்ப்பவர்களிலும் தமிழ் பேசுவோர் நிறையப் பேர். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று போவதும், பத்திரப் பதிவுக்கும் நிலவரிக்கும் கேரள அலுவலகங்களுக்குப் போவதும் இவர்களுக்கு அன்றாட வழக்கம். இங்குள்ள ஒரு தோப்பு வீட்டில் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு பூனையைப் பற்றி எழுந்த புகாரும், அது தீர்ந்த விதமும் இந்த ஆய்வின் பொருள். பூனை வாங்கப்பட்டது தமிழ்நாட்டில், வளர்ந்தது கேரளத்தில். அதன்மீது பாயக்கூடிய சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, அந்தச் சட்டத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டிய அளவுகோல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கையில் இருப்பது. உரிமையாளர் தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவரது ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நடந்தது

தோப்பு உரிமையாளரின் மகன் கைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, கோயம்புத்தூரில் பூனைக்குட்டிகளை விற்கும் ஒருவரிடம் பெங்கால் வகைப் பெண் குட்டி ஒன்றை வாங்கினார். அப்போது அதற்கு வயது மூன்று மாதம். பொன்னிற உடலில் கரும்புள்ளிகளும், புள்ளிகளைச் சுற்றிச் சிறுத்தையின் தோலில் இருப்பதுபோன்ற வளையங்களுமாக இருந்த அந்தக் குட்டியைக் காரில் கூடைக்குள் வைத்து எல்லை தாண்டிக் கொண்டுவந்தனர். கையில் இருந்த காகிதங்கள் இரண்டே. ஒன்று, தடுப்பூசி அட்டை. மற்றொன்று, கார்பன் தாள் வைத்துப் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய ரசீது. அதில் ‘பெங்கால், பெண், எஃப்3, ஒரு குட்டி’ என்றும் தொகையும் இருந்தன. கடை முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை.

ஆறேழு மாதத்தில் பூனை வளர்ந்து, இரவில் தோப்பைச் சுற்றி வரத் தொடங்கியது. பக்கத்துத் தோப்புக்காரரின் கோழிகள் காணாமல் போயின. அவர் டார்ச் வெளிச்சத்தில் மதில்மேல் கண்ட உருவத்தைப் படம்பிடித்து, சிறுத்தைக் குட்டியை வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டார். நெல்லியாம்பதி மலையும் பறம்பிக்குளம் காடும் தலைக்குமேல் நிற்கும் ஊரில் அப்படி ஒரு தகவல் வந்தால் அலுவலர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். மறுநாளே அந்தப் பகுதி வனத்துக்குப் பொறுப்பான பீட் அலுவலரும் உடன் ஒருவரும் வந்தனர். “என்ற நாலு கோழி போச்சுங்க சார், இது பூனையா புலியான்னு நீங்களே சொல்லுங்க” என்று புகார்தாரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, பூனை காலியான மாங்காய்ப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்தது. அலுவலர் அதன் காதுகளின் பின்புறத்தைப் பக்கத்தில் போய்ப் படமெடுத்தார். அவர் தொழில் தெரிந்தவர் என்பது அதிலேயே விளங்கியது. அது பெருஞ்சிறுத்தையின் குட்டி இல்லை என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவர் ஐயப்பட்டது வேறொன்றை.

அலுவலர் ஏன் காதைப் பார்த்தார்

மேற்குத் தொடர்ச்சி மலையில் வீட்டுப்பூனை அளவே உள்ள சிறுத்தைப்பூனை என்றொரு காட்டு விலங்கு உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றிருக்கிறது. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அளவு பாதுகாப்பு அதற்கும் உண்டு. பெங்கால் என்று உலகெங்கும் விற்கப்படும் வளர்ப்பு வகை, இந்தச் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப்பூனையையும் இணைத்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஜீன் மில் என்பவர் 1960களில் தொடங்கி, 1980களில் முறையாக நடத்திய இனப்பெருக்கத்தின் விளைவு அது. டிக்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டுப் பூனைச் சங்கம் 1986இல் அதைப் புதிய வகையாக ஏற்றுக்கொண்டது.

சிறுத்தைப்பூனையின் காதுகள் பின்புறம் கறுத்து, நடுவே வெண்பொட்டு வைத்ததுபோல் இருக்கும். அலுவலர் தேடியது அந்தப் பொட்டை. காட்டோரத் தோட்டங்களில் தாய் இரைதேடப் போன நேரத்தில் கண்ணில் படும் குட்டிகளை எடுத்து வந்து, ‘பெங்கால்’ என்று பெயர் சூட்டி விற்றால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எனவே அவரது ஐயம் வெறும் அதிகாரத் தோரணை அல்ல. ஆனால் இந்தப் பூனையின் காதில் பொட்டு மங்கலாக இருந்தது. பெங்கால் வளர்ப்பவர்கள் அந்தப் பொட்டை அழகு என்று கருதித் தேர்ந்தெடுத்து வளர்ப்பதும் உண்டு என்பதால், அது இருப்பதாலோ இல்லாததாலோ எதுவும் உறுதியாகாது. அவர் ரசீதைக் கேட்டார். ‘எஃப்3’ என்ற எழுத்தின்மேல் விரலை வைத்து, இதற்கு என்ன பொருள் என்று வினவினார். மகன் சொன்ன பதில்தான் இந்த விவகாரத்தை வளர்த்தது: “காட்டுப்பூனையோட கொள்ளுப்பேத்திங்க சார்.” அதையும் சேர்த்து, நேரில் கண்டதைப் பதியும் மகசர் எழுதப்பட்டது. பூனையைக் கைப்பற்றாமல், அடுத்த விசாரணை வரை வீட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு சென்றனர்.

மூன்று சாத்தியங்கள், மூன்று சட்ட நிலைகள்

என்னிடம் வந்தபோது தந்தை கேட்ட முதல் கேள்வி, “மலையடிவாரத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்தர்றேனுங்க, பிரச்சினை தீர்ந்துரும்ல?” என்பது. தீராது. அது அலுவலர் குறித்து வைத்த ஒரு சான்றை அழிப்பதாகிவிடும். தவிர, வீட்டில் வளர்ந்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவில் தனிக் குற்றம். காட்டுக்குள் கலப்பினம் ஒன்றைப் புகுத்துவது அதற்கும் மேல் தவறு.

அந்தப் பூனை மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். காட்டில் பிடித்த தூய சிறுத்தைப்பூனை என்றால், அதைப் பிடிப்பதே வன உயிரினச் சட்டத்தின் பொருளில் வேட்டை. அது அரசின் சொத்து. 51ஆம் பிரிவின்படி, முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுவரை சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. யார் வாங்கினார், என்ன பெயரில் வாங்கினார் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, பூனை திரும்பி வராது.

காட்டு மூதாதை அண்மையில் இருக்கும் கலப்பினம் என்பது இரண்டாவது சாத்தியம். சட்டம் சிக்கலாவது இங்கேதான். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல்கள் நான்காம் அட்டவணையாக இந்தியச் சட்டத்துக்குள் வந்தன. வீட்டுப்பூனை நீங்கலாகப் பூனைக் குடும்பம் முழுவதும் அந்த உடன்படிக்கையின் கீழ் வருகிறது. 49எம் பிரிவும், 2024 பிப்ரவரியில் வெளியான உயிருள்ள விலங்கினங்களை அறிவித்தல் மற்றும் பதிவு செய்தல் விதிகளும், இப்படிப்பட்ட விலங்கை வைத்திருப்பவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. அதன்பிறகு வாங்குபவர்களுக்கு, கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். குட்டி போட்டாலும், செத்தாலும், கைமாறினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

கலப்பினங்களை என்ன செய்வது என்பதற்கு சைட்டீஸ் நாடுகள் ஏற்றுக்கொண்ட தீர்மானம் ஒன்று இருக்கிறது. 10.17 என்ற எண்ணுள்ள அந்தத் தீர்மானம், அண்மை வம்சத்தில் பட்டியலிடப்பட்ட காட்டு விலங்கு இருக்கும் கலப்பினத்தைத் தூய இனமாகவே பாவிக்கச் சொல்கிறது. அண்மை வம்சம் என்பதற்குப் பொதுவாக முந்தைய நான்கு தலைமுறை என்று கணக்கு. காட்டுப்பூனையின் நேர்க்குட்டி எஃப்1, அதன் குட்டி எஃப்2 என்று எண்ணிக்கொண்டு போனால், எஃப்4 வரை கட்டுப்பாட்டுக்குள், எஃப்5 முதல் வெளியே.

மூன்றாவது சாத்தியம், நான்கு தலைமுறையைத் தாண்டிய பூனை. அதற்கு வன உயிரினச் சட்டத்தில் வேலை இல்லை. தெருவில் திரியும் நாட்டுப்பூனைக்கும் அதற்கும் சட்டத்தின் கண்ணில் பேதமில்லை.

ஒரு முரணைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. சவன்னா என்னும் கலப்பினம் ஆப்பிரிக்காவின் செர்வல் பூனையிலிருந்து வந்தது. நாயளவு உயரும், கூரைவரை எம்பும். செர்வல் நம் நாட்டு விலங்கல்ல என்பதால் நான்காம் அட்டவணையோடு நின்றுவிடுகிறது, பதிவு செய்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. மடியில் அடங்கும் பெங்கால் பூனையின் மூதாதையோ நம் காட்டிலேயே வாழ்வது, முதல் அட்டவணையில் இருப்பது. ஓர் இனம் முதல் அல்லது இரண்டாம் அட்டவணையிலும் நான்காம் அட்டவணையிலும் ஒருசேர இருந்தால், முன்னதன் கடுமையான விதிகளே பொருந்தும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே முதல் தலைமுறை சவன்னா வைத்திருப்பவரைக் காட்டிலும் முதல் தலைமுறை பெங்கால் வைத்திருப்பவரின் நிலைமை ஆபத்தானது.

கலப்பினம் ‘அட்டவணையில் குறிப்பிடப்பட்ட விலங்கு’ அல்ல, அதன் பெற்றோரில் ஒன்றுதான் அப்படிப்பட்டது என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் உண்டு. சட்டத்தின் சொல்லமைப்பு அந்த வாதத்துக்கு ஓரளவு துணை நிற்கும். ஆனால் பூனை வளர்க்க ஆசைப்பட்ட குடும்பத்தை அந்த வாதத்தின் சோதனைக்களமாக ஆக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நான்கு தலைமுறைக்குள் என்று தெரிந்தால் சட்டத்துக்குள் என்றே கொண்டு நடக்க வேண்டும் என்பது என் ஆலோசனை.

யார் நிரூபிக்க வேண்டும்

வன உயிரினச் சட்டத்தின் 57ஆம் பிரிவைப் பற்றி வாசல் பேச்சில் தவறான கருத்து பரவியிருக்கிறது. வனத்துறை ஒன்றைக் கைப்பற்றிவிட்டால் எல்லாவற்றையும் குற்றம்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பிரிவு சொல்வது, சட்டத்துக்கு உட்பட்ட விலங்கு ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அந்த உடைமை சட்டவிரோதமானது என்று அனுமானிக்கப்படும், மறுத்து நிரூபிப்பது அவர் பொறுப்பு என்பது. விலங்கு அந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அரசுத் தரப்பே காட்டியாக வேண்டும். இந்த வழக்கில் அதற்கு அவர்களிடம் இருந்தது உரிமையாளரே கொடுத்த ரசீது மட்டும். விற்றவர் எழுதிய ‘எஃப்3’ என்ற மூன்று எழுத்தும், மகனின் பெருமைப் பேச்சும் நீங்கினால் பூனைக்கு எதிராகப் புள்ளிகளைத் தவிர வேறு சான்று இல்லை.

வனத்துறை அலுவலகத்தில் மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பலாம் என்ற யோசனை எழுந்தது. ஐதராபாத்தில் சிசிஎம்பி எனப்படும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வகமும் டேராடூனில் இந்திய வனஉயிரின நிறுவனமும் இத்தகைய மாதிரிகளை ஆராய்கின்றன. யோசனை நல்லதே, ஆனால் எந்தப் பரிசோதனை என்பது முக்கியம். விலங்கினத்தை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, தாய்வழியில் மட்டும் வருவது. கலப்பின வளர்ப்பில் பெரும்பாலும் ஆண் காட்டிலிருந்தும் பெண் வீட்டிலிருந்தும் வருவதால், எஃப்1 குட்டியைக்கூட அந்தச் சோதனை ‘வீட்டுப்பூனை’ என்று காட்டிவிடலாம். சிறுத்தைப்பூனை என்று முடிவு வந்தால் தாய்வழியில் எங்கோ ஒரு காட்டுப்பூனை இருந்திருக்கிறது என்று தெரியும். எத்தனை தலைமுறைக்கு முன் என்று தெரியாது. தந்தைவழி ஒய் குரோமோசோமும் கைகொடுக்காது, ஏனெனில் முதல் சில தலைமுறைகளின் ஆண் பூனைகள் மலடாகவே இருக்கும். அதன்பின் வரும் தந்தைகள் வீட்டுப்பூனை வழியினவே. உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுவைப் பரவலாக ஆராய்ந்தால் காட்டு இரத்தத்தின் பங்கு ஓரளவு புலப்படும். அப்போதும் எஃப்4க்கும் எஃப்5க்கும் இடையே கோடு போடுவது கடினம். இந்தக் காரணங்களால் சோதனைக்குமுன் காகிதத்தைத் தேடலாம் என்று நான் எழுத்தில் கேட்டுக்கொண்டேன். அலுவலகம் அதற்கு அவகாசம் கொடுத்தது. அந்த நிதானத்தைப் பாராட்ட வேண்டும்.

ரசீதின் பொய்

விற்பனையாளர் தொடக்கத்தில் தொலைபேசியையே எடுக்கவில்லை. வழக்கறிஞர் அறிவிப்பு போன பிறகு பேசினார். தாய்ப்பூனையும் தந்தைப்பூனையும் வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து வந்தவை என்றும், அவற்றின் டிக்கா பதிவுச் சான்றுகள் தன்னிடம் இருக்கின்றன என்றும் சொன்னார். பின் ஏன் எஃப்3 என்று எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, “எண் குறையக் குறைய ரேட்டு ஏறுமுங்க, கஸ்டமரும் அதத்தான் கேக்கறாங்க” என்றார். காட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு விலை என்பது இந்தத் தொழிலின் கணக்கு. காட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வழக்கு என்பது அவர் எண்ணிப் பார்க்காதது.

அனுப்பிய சான்றுகள் இரண்டிலும் பதிவு எண்ணுக்குமுன் எஸ்பிடி என்ற குறி இருந்தது. பெற்றோர், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி ஆகிய மூன்று தலைமுறையும் பெங்கால்களாகவே இருந்த பூனைக்கு டிக்கா கொடுக்கும் குறி அது. இங்கே கவனம் வேண்டும்: எஸ்பிடி என்றாலே சட்டக் கட்டுப்பாடு இல்லை என்று வளர்ப்போரிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. எஃப்4 பூனைக்கும் அந்தக் குறி கிடைக்கக்கூடும் என்பதால், சைட்டீஸ் அளவுகோலின்படி எஸ்பிடி ஒன்றே போதுமான காப்பு ஆகாது. அப்பூனையின் ஐந்து தலைமுறை வம்சாவளிச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் நம் பூனை எஸ்பிடி குறியுள்ள பூனையின் குட்டி, அதுவும் இரு பக்கமும். பெற்றோர் ஒவ்வொன்றும் குறைந்தது எஃப்4 என்று வைத்துக்கொண்டாலும் குட்டி எஃப்5க்குக் குறையாது. கணக்கு அவ்வளவே.

மிச்சமிருந்தது, இந்தக் குட்டி அந்தத் தாயின் குட்டிதானா என்ற கேள்வி. தாயின் உடலில் மைக்ரோசிப் இருந்தது, சான்றில் உள்ள எண்ணோடு பொருந்தியது. குட்டிக்குச் சிப் இல்லை. தாய்க்கும் குட்டிக்கும் கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, தாய்மைப் பரிசோதனை செய்து பொருத்தம் காட்டினோம். காட்டு மூதாதையை மரபணுவில் தேடுவதைவிட இது எளிது, செலவும் குறைவு. சான்றுகள், பரிசோதனை முடிவு, ரசீதின் வாசகம் தவறு என்று விற்பனையாளர் எழுதிக் கொடுத்த கடிதம் ஆகியவற்றை ஒரு மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். மேல்நடவடிக்கை தேவையில்லை என்று அலுவலகம் பதிவு செய்து, பூனையை வெளியே திரிய விடக்கூடாது என்ற எழுத்துறுதியோடு விவகாரத்தை முடித்தது.

எல்லையும் வண்டியும்

கோயம்புத்தூரிலிருந்து கூடையில் கொண்டுவந்தது தனியாக ஒரு பேச்சுக்கு வந்தது. வன விலங்கை எடுத்துச்செல்ல ஒப்புக்கொள்பவர் உரிய அனுமதி இருப்பதை விசாரித்து அறிய வேண்டும் என்று 48ஏ பிரிவு சொல்கிறது. பூனை வன விலங்கல்ல என்று ஆனபின் அதற்கு இடமில்லை. ஆனால் 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் வீட்டுப்பூனைக்கும் பொருந்தும். பயணத்துக்குத் தகுதியான உடல்நிலையில் இருப்பதாகக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். வாளையாறிலோ கோவிந்தாபுரத்திலோ யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் வாங்குவதில்லை. கலப்பினப் பூனையோடு வருபவர் அதையும் வம்சாவளிச் சான்றின் நகலையும் வண்டியில் வைத்திருப்பது நல்லது. நான்கு தலைமுறைக்குட்பட்ட பூனையாக இருந்தால், அது குடியிருக்கும் மாநிலத்தின் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். வீடு முதலமடையில் இருக்கும்போது பொள்ளாச்சி விலாசத்தில் பதிவு செய்து சமாளிக்கலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் கைவிடட்டும்.

பிற நாடுகளும் தலைமுறையைத்தான் எண்ணுகின்றன, கோடு போடும் இடம் மட்டும் மாறுகிறது. நியூயார்க் மாநிலம் ஐந்து தலைமுறை தள்ளிய பூனையை அனுமதிக்கிறது. அதற்குள்ளேயே இருக்கும் நியூயார்க் நகரம் கலப்பினம் எதையும் அனுமதிப்பதில்லை. ஹவாயும் ஜார்ஜியாவும் அறவே தடை செய்துள்ளன. சவன்னா தன் நாட்டின் சிறு பாலூட்டிகளைத் தின்று தீர்த்துவிடும் என்று அஞ்சிய ஆஸ்திரேலியா, 2008இல் அதன் இறக்குமதியை மறுத்துவிட்டது.

விற்றவர் மீது

செல்லப்பிராணிக் கடை விதிகள், 2018இன்படி, பூனை விற்கும் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. நாய் வளர்ப்பாளர்களுக்கென்று 2017இல் தனி விதிகள் வந்தன. பூனை வளர்ப்பாளர்களுக்கு அப்படி மத்திய விதிகள் எதுவும் வரவில்லை. வீட்டு மாடியில் பூனை வளர்த்துக் கைபேசியில் விற்பவர்கள் கேள்விமுறை இல்லாமல் இருப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இல்லாத தலைமுறையைச் சொல்லிக் கூடுதல் விலை வாங்கியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பொருளில் முறையற்ற வணிக நடவடிக்கை. புகார்தாரர் தான் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று அந்தச் சட்டம் அனுமதிப்பதால், கோயம்புத்தூருக்கு அலையாமல் பாலக்காட்டிலேயே தாக்கல் செய்திருக்க முடியும். மகன் அதை விரும்பினார். தந்தை விரும்பவில்லை, விற்பனையாளர் கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்து, திருத்திய ரசீதும் கொடுத்ததோடு விட்டுவிட்டார்கள். கோழிகளுக்கான பணத்தைப் பக்கத்துத் தோப்புக்காரரிடம் முன்பே கொடுத்தாயிற்று. திருத்திய ரசீதில் தலைமுறை எண் இல்லை; பெற்றோர் இருவரின் பதிவு எண்களும், தாயின் மைக்ரோசிப் எண்ணும், புதிதாகப் பொருத்திய குட்டியின் சிப் எண்ணும் இருக்கின்றன.